எமினெம் பற்றி எங்கள் ஊரில் கேட்ட கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டு எழுதிப் பழகுவது வழக்கம். கலோத்சவம் என்ற பள்ளிக் கலைவிழாவுக்குத் தமிழ்ச் செய்யுள் ஒப்பிக்கப் பழக்குவதற்காகத் தொடங்கியது, எப்படியோ ராப்பில் வந்து நின்றுவிட்டது. மலையாள ராப் பாடகர் வேடன் பாட்டைக் கேட்டார்கள், அவருக்கு முன்னால் யார் என்று தோண்டினார்கள், தோண்டிக்கொண்டே போய் எமினெமிடம் சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம், ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை. பேச்சை மட்டும் கொஞ்சம் எழுத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

எமினெம் என்பது மிட்டாய்ப் பெயர் அல்லவா? யார் இவன்?

மிட்டாயும் உண்டு. இவருடைய இயற்பெயர் மார்ஷல் மாதர்ஸ். இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து ‘எம்’. ‘எம் அண்ட் எம்’ என்று பதினான்கு வயதுவாக்கில் வைத்துக்கொண்ட பெயர், வாய்க்குள் உருண்டு எமினெம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் வளர்ந்தவர். ராப் பாடல்களை எழுதிப் பாடுபவர். உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் இவருடையவை உண்டு.

ராப் என்பது பாட்டா, பேச்சா?

தாளத்தின் மேல் உட்காரும் பேச்சு. ராகத்தைவிடச் சொல்லின் ஓசைக்குத்தான் அங்கே மரியாதை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய ஒரு விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே பாட்டின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அதன் மேல் ஆட்டமும் வாய்ச்சொல்லும் ஏறின. சிந்தும் வண்ணமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

வெள்ளைக்காரனுக்கு அப்படி என்ன பெரிய கஷ்டம்?

இதைக் கேட்டவர் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். நியாயமான கேள்விதான். நம் ஊரில் வெள்ளைத் தோல் என்றாலே மாளிகை என்று ஒரு நினைப்பு.

1972 அக்டோபர் 17 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை விட்டுப்போனார். பையன் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பி வந்தன என்று தாய் சொல்லியிருக்கிறார். தாயும் மகனும் மிசௌரிக்கும் மிச்சிகனுக்கும் மாறி மாறி அலைந்தார்கள். ஒரு வீட்டில் ஓரிரு வருடம் தங்கினால் அதிகம். வருடத்துக்கு ஒரு பள்ளி என்றால் ஒவ்வொரு வருடமும் புதுப்பையன், புதிதாக அடி. அப்படி ஒரு பள்ளியில் சக மாணவன் அடித்ததில் தலையில் பலத்த காயம் பட்டது.

கடைசியில் டெட்ராய்டின் கிழக்குப் பகுதியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தெருவில் குடியேறினார்கள். அந்தத் தெருவில் வெள்ளையர் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவு. அந்த வீட்டின் படத்தைத்தான் 2000இல் வந்த இசைத்தட்டின் அட்டையில் போட்டார். 2013இல் வந்த இன்னொன்றின் அட்டையிலும் அதே வீடு, ஜன்னல்களில் பலகை அறைந்தபடி. அந்த வருடமே அது தீப்பிடித்தது, பிறகு இடித்துவிட்டார்கள்.

ஒரு கிளைக்கதை. அடித்த அந்த மாணவர் பெரியவரான பிறகு, தன்னைப் பற்றிப் பாடியதற்காக எமினெம் மேல் வழக்குப் போட்டார். 2003இல் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி டெபோரா செர்விட்டோ, தீர்ப்பின் அடிக்குறிப்பில் முடிவை ராப் பாட்டாகவே எழுதினார். இதைச் சொன்னதும் லாரி ஓட்டுநர் முதல் தடவையாகச் சிரித்தார்.

எட்டு மைல், எட்டு மைல் என்கிறார்களே, அது என்ன?

டெட்ராய்டின் வடக்கு எல்லையாக ஓடும் சாலை. நகர மையத்திலிருந்து மைல் கணக்குப் போட்டுச் சாலைகளுக்கு எண் வைத்தார்கள், எட்டாவது மைலில் நகரம் முடிகிறது. சாலைக்குத் தெற்கே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும், வேலையும் பணமும் வற்றிப்போன நகரம். வடக்கே பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த புறநகரங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் படம் வரைய வேண்டியதில்லை. எங்கள் மாநில எல்லையில், வேலந்தாவளம் செக்போஸ்டில் நின்று பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே தமிழ், ஒரே புழுதி, டீயின் நிறம்கூட மாறாது. ஆனால் இந்தப் பக்கம் லைசென்ஸ் வாங்கிக் கள் இறக்கலாம், அந்தப் பக்கம் இறக்கினால் வழக்கு. ரேஷன் கார்டு வேறு, பாடப்புத்தகம் வேறு, அரசு வேலைக்கான தேர்வு வேறு. தார் போட்ட ஒரு கோடு எவ்வளவு செய்யும் என்று எல்லையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். எமினெம் நடித்து 2002இல் வந்த படத்தின் பெயரும் அந்தச் சாலைதான்.

அவனுக்கு ராப்பை முதலில் காட்டிக்கொடுத்தது யார்?

தாய்மாமன். மாமன் என்றாலும் வயது ஒன்றுதான், சில மாத இடைவெளி. ரானி என்று பெயர். ஒரு திரைப்பட இசைத்தட்டைக் கொடுத்தார், அதில் ஐஸ்‑டி பாடிய ராப் ஒன்று இருந்தது. அதுதான் தொடக்கம். 1991இல் ரானி தற்கொலை செய்துகொண்டார். மருமகனின் பாடல்களில் அந்தப் பெயர் பிறகு பலமுறை வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை தோற்றவன் ஜெயித்துவிட்டான். அப்படியென்றால் நானும் படிப்பை நிறுத்தலாமா, சார்?

இதைக் கேட்காத பையனே இல்லை. ஒன்பதாம் வகுப்பை மூன்று முறை படித்ததும், பதினேழு வயதில் பள்ளியை விட்டதும் உண்மை. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

உணவகத்தில் சமையல் வேலை, பாத்திரம் கழுவும் வேலை, அதுவும் குறைந்த கூலிக்கு. அந்தக் கூலி வேலையில் வருடக்கணக்காக இருந்தார். பெரிய வெற்றி வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. இடைப்பட்ட காலத்தில் அகராதியைப் படித்தார், உண்மையாகவே அகராதியை, சொல் சேர்ப்பதற்காக. பள்ளியை விட்டவர் பாடத்தை விடவில்லை. நான் பையன்களிடம் சொல்வது இது: நிறுத்து, ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அகராதியில் நாளுக்கு நான்கு பக்கம் எனக்கு ஒப்பிக்க வேண்டும். இதுவரை யாரும் நிறுத்தவில்லை.

முதல் இசைத்தட்டே ஹிட்டா?

படுதோல்வி. 1996இல் ‘இன்ஃபினிட்’ என்ற பெயரில் வெளியிட்டார். சுமார் ஆயிரம் பிரதிகள் போட்டார்கள். அவையும் ஊரைத் தாண்டவில்லை. நாஸ் போன்ற நியூயார்க் பாடகர்களைப் போலப் பாடுகிறான், இவனுடைய குரல் எங்கே என்று கேட்டார்கள். அப்போது மகள் பிறந்து ஒரு வயது ஆகவில்லை. கையில் காசும் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் ‘ஸ்லிம் ஷேடி’ என்று ஒரு கோணல் பாத்திரத்தை உண்டாக்கிக்கொண்டு, அதன் வாயால் பேசத் தொடங்கினார். அடுத்தவன் குரலை விட்டதும் ஆள் வெளியே வந்தார்.

அப்புறம் எப்படித்தான் அதிர்ஷ்டம் அடித்தது?

தோல்வி வழியாக. டெட்ராய்டில் ‘ஹிப்ஹாப் ஷாப்’ என்று ஒரு துணிக்கடை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கியைப் பிடித்து எதிராளியோடு சொல்லால் மோதலாம். நம் ஊர் லாவணி எதிர்ப்பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின இளைஞர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் வெள்ளைப் பையனைப் பார்த்ததும் கூச்சல் எழும். நண்பர் ப்ரூஃப்தான் அங்கே போட்டிகளை நடத்தியவர், இவரை மேடையேற்றிவிட்டவரும் அவரே.

1997இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ‘ராப் ஒலிம்பிக்ஸ்’ போட்டிக்குப் போனார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் கூட்டத்தில் இருந்த ஒரு இசை நிறுவனத்து ஊழியர்கள் அவருடைய பதிவை வாங்கிப் போனார்கள். அது நிறுவனத் தலைவர் ஜிம்மி அயோவின் கைக்கும், அங்கிருந்து இசையமைப்பாளர் டாக்டர் டிரே காதுக்கும் போய்ச் சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் ‘தி ஸ்லிம் ஷேடி எல்பி’ வந்தது. அடுத்த வருடம் மே மாதம் வந்த இசைத்தட்டு, அமெரிக்காவில் முதல் வாரத்தில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஊழியர்கள் அன்று வராமல் இருந்திருக்கலாம். அதிர்ஷ்டம் வந்தபோது கொடுப்பதற்குக் கையில் ஒரு பதிவு இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பாட்டை எப்படி எழுதுகிறார்? உட்கார்ந்தா, நடந்துகொண்டா?

எங்கே இருந்தாலும் எழுதுகிறார். கையில் கிடைக்கும் தாளில், பொடி எழுத்தில், நேர்கோடும் இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக. அந்தத் தாள்களைப் பெட்டிகளில் போட்டு வைக்கிறார். 2010இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதைக் கொட்டிக் காட்டினார், பைத்தியக்காரன் எழுதியதுபோல இருந்தது. பாதி பாட்டு, ஒற்றை வரி, வெறும் சொல். பின்னால் உதவும் என்று சேர்த்தவை. எட்டு மைல் படப்பிடிப்பின்போது, இரண்டு காட்சிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதிய ‘லூஸ் யுவர்செல்ஃப்’, ஆஸ்கர் வாங்கிய முதல் ராப் பாட்டு. 2003இல் அந்த விருதை அறிவித்தபோது அவர் அரங்கத்துக்குப் போகவில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதே பேட்டியில் இன்னொன்று சொன்னார். ‘ஆரஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒலிக்கும் சொல்லே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு அதில் கோபம். சொல்லை உச்சரிக்கும் விதத்தைக் கொஞ்சம் வளைத்து, ‘டோர் ஹிஞ்ச்’, ‘ஸ்டோரேஜ்’, ‘பாரிட்ஜ்’ என்று அடுக்கிக் காட்டினார். முழுச்சொல்லுக்கு முழுச்சொல் தேடாமல், அசைக்கு அசை தேடுகிறார். இரண்டு சிறு சொற்கள் சேர்ந்து ஒரு பெரிய சொல்லுக்கு ஜோடியாகலாம்.

தமிழில் அந்த மாதிரி எழுத முடியுமா?

முடியும், ஆனால் தமிழ் முதலில் நம்மை ஏமாற்றும். வந்தான், நின்றான், சென்றான் என்று விகுதி தானாகவே ஒலித்துவிடும். இயைபு இலவசமாகக் கிடைப்பதால் பிள்ளைகள் அதிலேயே படுத்துவிடுகிறார்கள். எட்டு வரி ‘றான்’ கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். மோனையும் எதுகையும் வரிக்குள்ளே ஓட வேண்டும். அதற்கு மேல், எமினெம் செய்வதுபோல அசை அசையாக ஜோடி தேட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா சித்தூர்ப் பக்கம் கள் இறக்குபவர். தீவனக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான்: ‘எல்லாப் பஸ்ஸும் போகும் வேலந்தாவளம், எங்கள் தெருவுக்கு மட்டும் காலந்தாமதம்.’ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேலந்தாவளம், காலந்தாமதம். ஆங்கிலக் கணக்கில் ஐந்து அசை, முதல் அசையைத் தவிர எல்லா உயிரும் ஒன்று. யாப்பருங்கலக்காரிகை படிக்காமலே அந்தக் காது அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தேன் என்றான்.

அன்றிலிருந்து ஊர்ப் பெயர்களுக்கு ஜோடி தேடுவது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. கோபாலபுரம் எளிது. கொழிஞ்சாம்பாறைதான் மசியவில்லை. எங்கள் ஆரஞ்ச் அது.

வேகமாகப் பாடினால்தான் ராப்பா?

இல்லை. 2013இல் வந்த ஒரு பாட்டில் எமினெம் 6 நிமிடம் 4 விநாடிக்குள் 1,560 சொற்களைச் சொல்லிக் கின்னஸ் சாதனை செய்தார். விநாடிக்கு நான்குக்கும் மேல். பையன்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், மூச்சுமுட்டி இருமுகிறார்கள். வேகமாகச் சொல்லும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுகிறதே, வேலை அங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன பையனின் அப்பாவிடம் கேட்டால் இதை நன்றாகச் சொல்வார். தென்னம்பாளையைக் கட்டி, தினமும் கட்டையால் பதமாகத் தட்டிப் பழக்கினால்தான் கள் ஊறும். அடி கூடினால் பாளை கெடும், குறைந்தால் ஊறாது. பையன் தாளம் பிடிப்பது அந்தத் தட்டலிலிருந்துதான். மேஜையில் அவன் விரல் போடும் தாளத்தை, மரத்துக்குக் கீழே நின்று நானே கேட்டிருக்கிறேன்.

பெற்ற தாயைத் திட்டிப் பாடினானாமே, வாத்தியாரே? அப்படிப்பட்டவனையா பிள்ளைகளுக்குக் காட்டுவது?

பாடினார். தாய் போதை மாத்திரைக்கு அடிமை என்றும், தன்னைப் பாடாய்ப் படுத்தினார் என்றும் உலகம் கேட்கப் பாடினார். தாய் மறுத்தார். 1999இல் சுமார் ஒரு கோடி டாலர் கேட்டு மகன் மேல் அவதூறு வழக்குப் போட்டார். 25,000 டாலருக்குச் சமரசம் ஆனது. வக்கீல் செலவு போகத் தாயின் கைக்கு வந்தது சுமார் 1,600 டாலர்.

கதை அதோடு முடியவில்லை என்பதால்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 2013இல் ‘ஹெட்லைட்ஸ்’ என்ற பாட்டில் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். முன்பு திட்டிப் பாடிய பாட்டை இப்போது மேடையில் பாடுவதில்லை, வானொலியில் கேட்டாலே உடல் கூசுகிறது என்ற கருத்தில் அதற்குள்ளேயே சொல்கிறார். அதன் காணொளி 2014இல் அன்னையர் தினத்தன்று வந்தது. 2024 டிசம்பரில் தாய் இறந்துபோனார். எழுதிய பாட்டைத் திரும்ப வாங்க முடியாது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நான் சொன்னால் கேட்காது. இந்த இரண்டு பாட்டுகளைப் பற்றிச் சொன்னால் சற்று நேரம் பேசாமல் இருக்கும்.

கெட்ட வார்த்தை அவ்வளவு இருக்கிறதே, சின்னப் பிள்ளைகள் கேட்கலாமா?

சின்னப் பிள்ளைகள் கேட்கக் கூடாது. வாசகசாலையில் நான் போடுவதும் இல்லை, சில பாட்டுகளின் அமைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வசையைவிட எனக்கு உறுத்துவது வேறு. மனைவியைக் கொல்வதாகக் கற்பனை செய்து பாடியவர். ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் சொற்களை வரிக்கு வரி போட்டவர். அது ஒரு பாத்திரத்தின் குரல் என்று அவர் சொன்ன சமாதானம் எனக்குப் பாதிதான் செல்லும். 2001 கிராமி இசை விருது விழாவுக்கு வெளியே எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. உள்ளே, தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறிவித்திருந்த பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானோடு சேர்ந்து பாடினார். இருவரும் பிறகு நெருங்கிய நண்பர்கள். அதனால் பழைய வரிகள் நல்ல வரிகளாகிவிடாது.

கறுப்பர்கள் உண்டாக்கியதை வெள்ளையன் எடுத்து விற்றுவிட்டான் என்று சொல்லலாமா?

பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டது. கூர்மையான கேள்வி. இதே திறமையுள்ள கறுப்பினப் பாடகரைவிடத் தன் தட்டு அதிகம் விற்பதற்குத் தோல் நிறமும் ஒரு காரணம் என்று அவரே பாடியிருக்கிறார். 2022இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, தனக்கு வழிகாட்டிய ஹிப்ஹாப் கலைஞர்கள் நூறு பேருக்கும் மேல் அகரவரிசையில் பெயர் படித்தார். கடனை ஒப்புக்கொண்டவர் என்று சொல்லலாம். கடன் தீர்ந்துவிட்டதா என்பதை அந்த நூறு பேர்தான் சொல்ல வேண்டும்.

புகழ் வந்த பிறகு போதையில் விழுந்தாராமே?

ஆமாம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை. 2006இல் நண்பர் ப்ரூஃப், அதே எட்டு மைல் சாலையில் இருந்த ஒரு விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு மாத்திரை இன்னும் கூடியது. 2007 டிசம்பரில் அளவு மீறிப்போய் உயிர் பிழைத்ததே பெரிது. 2008 ஏப்ரல் 20 முதல் தொடவில்லை. திரும்ப ராப் சொல்லவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கஷ்டகாலம் முடிந்தால் கஷ்டம் முடிந்துவிடும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கஷ்டமே இல்லையே, சார். அப்படியென்றால் எனக்கு ராப் வராதா?

நிஜமான வருத்தத்தோடு கேட்டான். அப்பா வங்கியில் வேலை, வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் எமினெம் ஆகவில்லை, தம்பி. அந்தத் தெருவில் அதே பசியோடு வளர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களிடம் இல்லாமல் அவரிடம் இருந்தது அந்தப் பெட்டி நிறையத் தாள். இவன் பாட்டி பாகப்பிரிவினைக்கு முன்னால் கூட்டுக்குடும்பத்தில் சமைத்த கதையை எழுதிக்கொண்டு வந்தான். தாளம் தடுக்கினாலும் சாம்பார் வாசனை வந்தது. இல்லாத வறுமையை இரவல் வாங்கி எழுதிய பழைய பாட்டைக் கிழித்துவிடச் சொன்னேன், முதல் தட்டைப் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணத்துக்காக.

நம்ம வேடனும் இவரும் ஒரே மாதிரிதானா?

ஹிரண்தாஸ் முரளி என்ற வேடன் திருச்சூர்க்காரர். அப்பா மலையாளி, அம்மா யாழ்ப்பாணத்துத் தமிழர். அதனால் எங்கள் பக்கத்தில் அவரைச் சொந்தக்காரர் மாதிரித்தான் பேசுகிறார்கள். 2020இல் வெளிவந்த முதல் பாட்டிலேயே சாதியையும் நிலத்தையும் கேள்வி கேட்டார். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படப் பாட்டு அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. எமினெம் பெரும்பாலும் ‘நான்’ என்று பாடுகிறார், வேடன் ‘நாங்கள்’ என்று. வழக்குகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றமும் இருக்கிறது. பாட்டு பிடித்ததற்காக நான் யாருக்கும் ஜாமீன் நிற்பதில்லை.

தமிழில் எழுதுவதா, மலையாளத்தில் எழுதுவதா?

கோபம் வந்தால் எந்த மொழியில் வருகிறதோ அதில். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று. மூன்றும் ஒரே பாட்டில் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னைத் தமிழை இரவல் வாங்கினால் மட்டும் ஆட்சேபம்.

செல்போனில் பதிவு செய்யலாமா? இணையத்தில் கிடைக்கும் இசையைப் போட்டுக்கொள்ளலாமா?

போன் போதும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிந்தால் எதிரொலி வராது, வேர்க்கும். இசைக்கு அனுமதி பாருங்கள். ‘இலவசம்’ என்று போட்டிருப்பதில் பல, காசு சம்பாதிக்காதவரைதான் இலவசம். எமினெமின் முதல் பெரிய பாட்டுக்கே இந்தச் சிக்கல் வந்தது. லாபி சிஃப்ரே என்ற பாடகரின் இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். இழிவான வரிகளை மாற்றினால்தான் அனுமதி என்று அவர் நின்றுவிட்டார். மாற்றினார்கள்.

சார், கொழிஞ்சாம்பாறைக்கு ஜோடி கிடைத்ததா?

போன சனிக்கிழமை கிடைத்தது. கறுப்பர் இசை பற்றிக் கேட்ட அதே பெண். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘கிழிந்தால் யாரை’. கொழிஞ்சாம்பாறை, கிழிந்தால் யாரை. எது கிழிந்தால், யாரை என்ன செய்வது என்று கேட்டேன். பாட்டு இன்னும் முடியவில்லை என்று நோட்டை மூடிக்கொண்டாள்.